ஒற்றி வீட்டில் ஒளிந்திருக்கும் வட்டி

"வட்டி ஹராம், வங்கிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டோம்" எனப் பெருமிதம் கொள்ளும் நம்மவர் பலர், வளைகுடாவில் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தை ஒற்றி வீட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகின்றனர். தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் இடலாக்குடியிலும் இதைக் குறைகூறுவார் அரியர். "பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை" என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

ஒருவர் 5 இலட்சம் ரூபாய் கொடுத்து மூன்றாண்டு குடியிருக்கிறார் என்று கொள்வோம். அவ்வீட்டின் நியாயமான வாடகை மாதம் 5,000 ரூபாய். முடிவில் 5 இலட்சமும் குறையாமல் கைக்கு வருகிறது. 1,80,000 ரூபாய் பெறுமான குடியிருப்பு சும்மா கிடைத்துவிடுகிறது. கொடுத்தது கடன், வீடு அதற்கு அடைமானம். கடன் கொடுத்தவன் நிபந்தனையிட்டுப் பெறும் பலன் வட்டியே என்பதில் ஷாபிஈ, ஹனஃபீ என்ற வேறுபாடின்றி மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஒன்றுபட்டுள்ளனர். ரொக்கமாக வந்தால் வட்டி, கூரையாக வந்தால் பரக்கத்தா?

ஆலிம் நண்பர் சிலர் 'பைஉல் வஃபா' என்னும் மீட்பு விற்பனையைத் துணைக்கு அழைப்பர். புகாரா, சமர்கந்துப் பகுதி ஹனஃபீ அறிஞர்கள் மக்களின் தேவை கருதி அதனை ஆராய்ந்ததும், 1869 முதல் 1876 வரை உதுமானியர் தொகுத்த மஜல்லாவில் அது இடம்பெற்றதும் உண்மையே. ஆனால், அங்கே விற்பனை என்ற பெயரேனும் இருந்தது. நம் முத்திரைத்தாளில் ஒற்றி என்றல்லவா எழுதுகிறோம்!

நாட்டுச் சட்டம் நம்மைவிட நேர்மையாகப் பேசுகிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, இத்தகைய அனுபவ அடைமானம் பெற்றவர் சொத்தின் வாடகையையும் வருவாயையும் 'வட்டிக்கு ஈடாக' எடுத்துக்கொள்ளலாம், அல்லது அசலில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆகுமானதும் ஆகாததும் அருகருகே நிற்கின்றன. நாம் தேடிப்பிடித்து ஆகாததையே எடுக்கிறோம். (100 ரூபாய்க்கு மேற்பட்ட அடைமானத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று 59-ஆம் பிரிவு கூறுவதையும் மறந்து, பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைக்கிறோம். அது தனிக்கதை.)

வீட்டு விலை வானளாவிய இலண்டனில் வாழும் முஸ்லிம்களைப் பாருங்கள். நிதிநிறுவனத்தோடு பங்காகச் சேர்ந்து வீடு வாங்கி, நிறுவனத்தின் பங்குக்கு வாடகை செலுத்தி, அப்பங்கைச் சிறிது சிறிதாக விலைக்குப் பெறும் முறை அங்குண்டு. நிறுவனம் வாங்கும்போது ஒருமுறை, குடியிருப்பவர் பெயருக்கு மாறும்போது மறுமுறை என இரட்டை முத்திரைத் தீர்வை அதற்குத் தடையாக நின்றது. 2003-இல் பிரிட்டன் அத்தடையை நீக்கியது. அவர்களுக்குச் சட்டமே மாறவேண்டியிருந்தது. நமக்கோ வழி முன்பே திறந்திருக்கிறது.

பிறரைச் சாடும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. யானும் ஆறாண்டுகள் ஒற்றி வீட்டில் இருந்தவனே. வீட்டுக்காரர் ஒரு கைம்பெண். மகளின் திருமணத்துக்காகப் பணம் வாங்கியவர். காலி செய்த நாளில், ஆறாண்டு வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்றேன். அவ்வம்மையார் நம்பவில்லை. மகனை அழைத்து, கணக்கை இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்.