தெரியாது என்று சொல்லும் துணிவு

திராட்சைப் பந்தல்கள் சூழ்ந்த இராயப்பன்பட்டியில் பயின்று, பின்னர் கல்லூரி ஆசிரியைகளான எங்களுக்கு அந்த முதல் ஆண்டு இன்றும் மறக்கவில்லை. இரவெல்லாம் கண்விழித்துக் குறிப்பெடுத்துச் செல்வோம். குறிப்பில் இல்லாத ஒன்றை மாணவி ஒருத்தி கேட்டுவிட்டால், "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்று அடக்கிவிடுவோம். எங்கள் அறியாமை மறைந்தது. அவளுடைய ஆர்வமும் அன்றோடு அணைந்தது.

உரோமையில் பயின்று குருவான தனிநாயகம் அடிகளார், 1940-ஆம் ஆண்டில் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். பல மொழிகள் அறிந்த அவருக்குத் தமிழ் இலக்கியத்தில் பயிற்சி இல்லை. அக்குறையை அவர் மறைக்கவில்லை. தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழ் பயின்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவரும் அவரே.

நாளை ஆசிரியைகளாகப் போகும் தங்கையரே! "எனக்குத் தெரியாது, படித்து வந்து நாளை சொல்கிறேன்" என்று கூற வெட்கப்படாதீர்கள். பெற்றோரே! அவ்வாறு கூறும் இளம் ஆசிரியையைக் குறைவாக எண்ணாதீர்கள். கற்பதை நிறுத்தியவர் கற்பிக்கும் தகுதியையும் இழக்கிறார் என்பதே எங்கள் கருத்து.

அன்று உட்கார வைத்த அந்த மாணவியிடம் நாங்கள் கேட்க வேண்டியது மன்னிப்பு ஒன்றே.