பட்டன் தூங்குதா பாஸ்?

சிம்போசியத்துக்கு வேர்டுல ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் ரெடி. ‘பிரிண்ட்’ மேக்ரோ பட்டனும் வெச்சாச்சு. ஆனா, ஃபார்மை ப்ரொடெக்ட் பண்ணினதும் பட்டன் அசையவே மாட்டேங்குதா?

கோடிங்கைத் திட்டாதீங்க. நீங்க வெச்சது ‘மேக்ரோபட்டன்’ ஃபீல்டு. பூட்டின ஃபார்ம்ல நிரப்புற கட்டங்களைத் தவிர வேற எதையும் தொட முடியாது. பட்டனும் அதுல மாட்டிக்கும்.

வழி 1: பட்டனுக்கு முன்னாடி ‘கன்டினியுவஸ்’ செக்‌ஷன் பிரேக் போட்டு, அந்தப் பகுதியை மட்டும் பூட்டாம விடுங்க.

வழி 2: ஃபீல்டுக்குப் பதிலா ஆக்டிவ்எக்ஸ் கமாண்ட் பட்டன் வைங்க.

உஷார்! உங்க மேக்ரோ பூட்டைத் திறந்து திரும்பப் பூட்டுதா? ‘ப்ரொடெக்ட்’ வரியில ‘நோரீசெட்:=ட்ரூ’ சேருங்க. இல்லேன்னா நிரப்பினதெல்லாம் காலி.

1999-ல மெலிஸா வைரஸ் வேர்டு மேக்ரோவாத்தான் மெயில்ல பரவுச்சு. 2022-ல இருந்து, நெட்ல இறக்கின ஃபைல்களோட மேக்ரோவை ஆஃபீஸே தடுத்துடுது. அதனால, ஊர் பேர் தெரியாத ஃபைலை ‘அன்பிளாக்’ பண்ணாதீங்க.

உங்க ஃபார்மையும் பட்டன் இல்லாமலே நிரப்பி அனுப்புற மாதிரி செய்ங்க. அப்பதான் முகையூர் கம்ப்யூட்டர் சென்டர்ல கடைசி நாள் உட்கார்ந்து நிரப்புற ஜூனியரோட பேரும் லிஸ்ட்ல வரும்!