மாத்திரையைத் திட்டாதீர்கள்

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி செத்துப் பிழைத்திருக்கிறாள். 27 வயது, இரண்டு குழந்தைகள், பனியன் கம்பெனியில் டெய்லர். நாள் தள்ளிப்போனதும் கணவர் மெடிக்கலில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி வந்தார். கடைக்காரர் டாக்டர் சீட்டும் கேட்கவில்லை, எத்தனை வாரம் என்றும் கேட்கவில்லை. மாத்திரை போட்டதும் வயிற்றுவலி. 'மருந்து வேலை செய்யுது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

கரு கருப்பையில் இல்லை, கருக்குழாயில் இருந்திருக்கிறது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம். அவசர ஆபரேஷன்.

"அந்த மாத்திரையையே தடை செய்யணும்" என்றார் கூடப் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர். நான் ஒப்ப மாட்டேன். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் முறையாகக் கொடுத்தால் பாதுகாப்பான மருந்துகள். நம் நாட்டில் 9 வாரம் வரை மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். ஆனால் கருக்குழாயில் இருக்கும் கருவை அவை கலைக்காது. குழாய் கிழியும் வலியும் மாத்திரையின் வலியும் ஒன்றுபோல இருக்கும். பரிசோதித்த மருத்துவருக்குத்தான் வித்தியாசம் தெரியும், கடை கவுண்டருக்குத் தெரியாது. வாரம் தாண்டிப் போட்டால் பாதி கலைந்து மீதி உள்ளேயே தங்கி ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் வரலாம். ரத்தசோகை உள்ள உடம்பு அதைத் தாங்குமா?

"ஏம்மா ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்று கேட்டேன்.

"முன்னாடி ஒரு தடவை போனேன் டீச்சர். வீட்டுக்காரர் கையெழுத்து கேட்டாங்க. வார்டே கேக்குற மாதிரி திட்டினாங்க."

இப்போது சொல்லுங்கள், அவளைக் கடைக்குத் துரத்தியது யார்?

1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து தேவையே இல்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருத்தடை தவறிப்போனது என்ற காரணம் மணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும். அவள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்குச் சிறைத்தண்டனை உண்டு. சட்டம் கொடுத்ததை நம் வாய் பிடுங்கிக்கொள்கிறது.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிய அறிவியல் டீச்சர் நான். அந்த வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் இவளும் இருந்தாள். என் வெட்கத்துக்கு அவள் ரத்தம் கொடுத்திருக்கிறாள்.

அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே இருந்தால், மயக்கம் வந்தால், தோள்பட்டையிலோ ஒரு பக்க அடிவயிற்றிலோ கடும் வலி இருந்தால், ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தமே படவில்லை என்றாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மெடிக்கல் வைத்திருக்கும் தம்பிகளே, சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். செவிலியர் தங்கைகளே, வருகிறவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். அறிவியல் ஆசிரியர்களே, அந்தப் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.