நிற்பதற்கும் ஒரு கணக்கு

எஞ்சின் ஸ்வாப்புக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கிறோம். எஞ்சின், கியர்பாக்ஸ், மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், ஈ.சி.யூ., ரேடியேட்டர், கிளட்ச், பிரேக். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் வாடிக்கையாளர் முகம் வாடுகிறது. பேனாவை எடுத்து அவர் அடிக்கும் முதல் வரி எது என்று நம் தொழிலில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. "பிரேக்கை அப்புறம் பாத்துக்கலாம்ணா." நாமும் தலையாட்டி விடுகிறோம். இந்த இதழில் அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

புனேக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த காரையே எடுத்துக்கொள்வோம். புனே அருகே சாக்கன் ஆலையில் தயாரான ஃபோக்ஸ்வாகன் வென்டோ, வீட்டுக்கென்று வாங்கிய செடான். அதன் 1.2 டி.எஸ்.ஐ. எஞ்சின் தருவது 105 பி.எஸ். அதன் உறவுக்காரனான போலோ ஜி.டி.ஐ. 2016 இறுதியில் 99 கார்கள் மட்டும் என்ற கணக்கில் இந்தியாவுக்கு வந்தது, அதில் 1.8 டி.எஸ்.ஐ., 192 பி.எஸ். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான் என்பதால், 1.8ஐ வென்டோவில் இறக்கிப் பார்க்கும் ஆசை இயல்பானது. அந்த ஆசையில் நமக்குக் குறை இல்லை. கணக்கைப் பாதியில் நிறுத்துவதில்தான் குறை.

டிராக் ரேஸில் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேரத்துக்கு நாம் போடும் பழைய கணக்கு இது: எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தைப் பார்ப்பது. 105 இருந்த இடத்தில் 192 வந்தால் திறன் 83 விழுக்காடு ஏறுகிறது. 402 மீட்டரைக் கடக்கும் நேரமோ ஏறத்தாழ 18 விழுக்காடுதான் குறையும். கோட்டைத் தாண்டும் வேகம் 22 விழுக்காடு கூடும். டைம் ஸ்லிப் அத்தோடு முடிகிறது; காரின் ஓட்டம் முடிவதில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், பிரேக் சூடாக்கித் தீர்க்க வேண்டிய சுமை ஒன்றரை மடங்காகிறது. எடை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. இரும்பு பிளாக் கொண்ட 1.8, மூக்கில் இன்னும் பாரம் ஏற்றும்.

ஆலைக்கு இது தெரியும். 192 பி.எஸ். கொடுத்த ஜி.டி.ஐ.யின் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் வைத்தார்கள். வென்டோவின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம்.

இதோடு ஸ்டார்ட்டுக்காக நாம் செய்யும் வேலைகளையும் சேர்த்துப் பாருங்கள். முன்சக்கர இழுவைக் கார் கிளம்பும்போது பாரம் பின்னால் சாய்ந்து, இழுக்கும் சக்கரம் பிடிப்பை இழந்து சுழலும். அதைத் தடுக்கப் பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிறோம். பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றுகிறோம். முதல் 60 அடி நேரம் குறைகிறது, மகிழ்ச்சி. ஆனால் கோட்டுக்கு அப்பால் பிரேக்கை மிதித்ததும் பாரம் மொத்தமும் முன்னால் பாய்கிறது. ஏற்கெனவே காலியான பின்பகுதி தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்த நேரத்தில் பின் டிரம் இறுகினால் வால் வீசும். ஸ்டார்ட்டில் நாம் சம்பாதித்த நேரத்துக்கு, ஸ்டாப்பில் வட்டி கட்டுகிறோம்.

இந்தப் பாடம் புதிதல்ல. 2008 ஜூனில் அமெரிக்காவின் இங்கிலிஷ்டவுன் டிராக்கில் பந்தய வீரர் ஸ்காட் கலிட்டா இறந்தார். எஞ்சின் வெடித்த அவருடைய கார் ஓடுதளத்தின் முடிவுக்குள் நிற்கவில்லை. அடுத்த மாதமே என்.எச்.ஆர்.ஏ. தன் அதிவேகப் பிரிவுகளின் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தது. உலகத்தின் மிகப் பழைய டிராக் ரேஸ் அமைப்புகளில் ஒன்று, நிற்பதற்கு இடம் வேண்டுமென்று தன் அடையாளமான கால் மைலையே விட்டுக்கொடுத்தது.

நமக்கு இடம் இன்னும் முக்கியம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார்கள் ஓடிய காலம் தொட்டு, இந்தியப் பந்தயம் பெரும்பாலும் விமானத்துக்குப் போட்ட தரையைக் கடன் வாங்கியே வளர்ந்தது. லோணாவாலாவுக்கு அப்பால் ஆம்பி வேலி ஓடுதளத்தில் நடக்கும் 'வேலி ரன்' பந்தயமும் அப்படித்தான். ஓடுதளத்தின் நீளம் மாறாது. கார்களின் வேகம் ஆண்டுதோறும் ஏறுகிறது. ஆகவே ஏற்பாட்டாளர்கள், வேகமான பிரிவுகளுக்கு 201 மீட்டர் ஓட்டத்தைத் தயங்காமல் வைக்கலாம். ஸ்க்ரூட்டினியில் ரோல் பாரையும் ஹெல்மெட்டையும் பார்ப்பதோடு, ஸ்வாப் செய்த கார்களை ஒருமுறை ஓட்டி நிறுத்தச் சொல்லியும் பார்க்கலாம்.

பந்தயம் முடிந்த பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. அந்தக் கார் வீடு திரும்பும் வழி, மலைப்பாதை. டிராக்கில் ஓர் ஓட்டத்துக்கு ஒருமுறை நின்றால் போதும். மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு வேகத்தை அடக்க வேண்டும். சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019 ஜனவரியில் விளக்கிய உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே ஸ்வாப் கார் டிராக்குக்கு டிரெய்லரில் வந்து டிரெய்லரிலேயே திரும்ப வேண்டும். அந்த வாடகையும் எஸ்டிமேட்டில் ஏற வேண்டிய வரிதான்.

வாடிக்கையாளருக்குக் கனமூலம் தெரிய வேண்டியதில்லை. அதற்குத்தான் நம்மிடம் வருகிறார். எஞ்சினுக்கு மேலே, முதல் வரியில் பிரேக்கை எழுதுங்கள். அதை அடித்துவிட்டுத் தாளை நீட்டினால், பேனாவை மூடிவிட்டு, "அப்போ எஞ்சினையும் அப்புறமே பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்லுங்கள். ஒரு வேலை கை நழுவும். நழுவட்டும்.