மாதுளம்பழம்... உரிக்கிற பாடு தகுமா?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க முன்னாடி ஒரு வாழைப்பழம், ஒரு மாதுளம்பழம். எதை எடுப்பீங்க? ஹாஸ்டல்வாசியா இருந்தா சந்தேகமே இல்ல, வாழைப்பழம்தான். நாலே வாய், மேட்டர் ஓவர்! மாதுளை அப்படியா? கத்தி தேடணும், கிண்ணம் தேடணும், வெள்ளைச் சட்டையைக் கழட்டி வைக்கணும். இவ்வளவும் பண்ணி முடிச்சா, ரூம் மேட் வந்து ஒரே கையில அள்ளிட்டுப் போயிடுவான்!

அப்போ இந்தப் பாடு தகுமா? சிரிக்கிற கேள்வி இல்லீங்க. கேளுங்க.

பரளச்சியில இருந்து மதுரைக்குப் படிக்கப் போன என் சித்தி பொண்ணு, காலேஜ் ரத்த தான முகாம்ல ஆசையா வரிசையில நின்னா. விரல்ல ஒரு குத்து. "ஹீமோகுளோபின் 9.8தான் இருக்கும்மா. 12.5 இருந்தாதான் ரத்தம் எடுப்போம்"னு திருப்பி அனுப்பிட்டாங்க.

விஷயம் தெரிஞ்சதும் சித்தி என்ன பண்ணுச்சு தெரியுமா? மிளகாப்பழம் எடுக்கப் போன கூலியில ஒரு கிலோ மாதுளை! ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போய், ஹாஸ்டல் வாசல்ல உக்காந்து, முத்து முத்தா உதிர்த்து டப்பாவுல போட்டுக் கொடுத்துச்சு. "லேசா காரமா இருந்துச்சுண்ணே"ன்னா தங்கச்சி. மிளகா காந்தல் போகாத விரல்ல உதிர்த்த முத்தாச்சே!

இப்போ கணக்குக்கு வருவோம். பழம் சிவப்பு, ரத்தமும் சிவப்பு, அதனால மாதுளை சாப்பிட்டா ரத்தம் ஊறும்னு ஒரு நம்பிக்கை. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கையில மாதுளைப் பை தொங்குறது இதனாலதான். ஆனா 100 கிராம் மாதுளை முத்துல இரும்புச்சத்து வெறும் 0.3 மில்லிகிராம்தான். அந்தச் சிவப்பு ஒரு நிறமி, இரும்பு இல்ல. தோலும் சவ்வும் போனா, வாங்குன எடையில கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். கடையில பளபளன்னு சிரிக்கிற பழத்துல பெரும்பாலானது மகாராஷ்டிராவுல இருந்து வர்ற 'பக்வா' ரகம். லாரி வாடகையையும் நாமதான் கொடுக்கிறோம்.

சரி, இரும்பு எங்கே இருக்கு? நம்ம கரிசக்காட்டுலயே! 100 கிராம் கம்புல 6 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. அதுல கொஞ்சம்தான் உடம்புல ஒட்டும். கூட ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கடிச்சா, அதுல இருக்கிற வைட்டமின் சி இன்னும் கொஞ்சம் ஒட்ட வைக்கும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா, ஒட்டுறதும் குறைஞ்சிடும். தங்கச்சி மாதிரி 9.8ல நிக்கிறவங்களுக்கு இது மட்டும் போதாது. டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே கிடைக்கும்.

இதைச் சித்திகிட்ட சொன்னேன். "ஏய்யா, நம்ம குலுக்கையில கெடக்குற கம்புலயா? இது தெரியாம பழத்துக்குல்ல காசைக் கொட்டுனேன்!"

அப்போ மாதுளை வேஸ்ட்டா? சேச்சே! ருசிக்குச் சாப்பிடுங்க. நார்ச்சத்து உண்டு. உரிக்கவும் ஒரு வழி இருக்கு. கொண்டையை வெட்டி, மேடு மேடா இருக்கிற இடத்துல கீறி, தண்ணிக்குள்ள வச்சுப் பிச்சுப் பாருங்க. முத்து அடியில தங்கும், சவ்வு மேல மிதக்கும். சட்டையும் தப்பிச்சிடும்! மருந்துன்னு நினைச்சு மட்டும் வாங்காதீங்க.

கடைசியா ஒண்ணு. 2019-21ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! இதுல பொண்ணுங்க மட்டும் இல்ல, அம்மாக்களும் இருக்காங்க. தங்கச்சிக்கு விரல்ல குத்திப் பார்த்தாச்சு. சித்திக்கு? இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல.

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துடுங்க. வீட்டுல மாதுளை இருந்தா, அன்னிக்கு நீங்க உரிங்க. முதல் கிண்ணம் அவங்களுக்கு.

அந்தப் பாடு கண்டிப்பா தகும் மக்களே!