பை தைக்கும் கைக்கு எத்தனை நாள் கடன்?



நம் வணிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பையில் வந்து நிற்கிறது. "சனங்கள் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள், பை கேட்கிறார்கள், கொடுத்தால் அபராதம், கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்" என்பதே எல்லோருடைய புலம்பலும். புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. 1-1-2019 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபோது, கம்பெனியில் அடைத்து வரும் பாக்கெட்டுகளுக்கு விலக்கு அளித்து, நாம் கால் கிலோ பருப்புக் கட்டிக் கொடுக்கும் பையை மட்டும் பிடித்தார்கள். அந்தக் குறையை அப்போதே பேச வேண்டியவர்கள் பேசிவிட்டார்கள். நாம் இப்போது எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. துணிப்பை, துணிப்பை என்று ஏழெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோமே, அந்தப் பையைத் தைப்பது யார், அவர்களை வணிகர்களாகிய நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. எங்கள் தகப்பனார் காலத்துக் கடையில் பை கொடுக்கும் வழக்கமே கிடையாது. மாதச் சாமான் வாங்க வருகிறவர் வீட்டிலிருந்தே ஒரு பெரிய பைக்குள் ஏழெட்டுச் சின்னப் பைகளைச் சுருட்டி வைத்துக் கொண்டு வருவார். துவரம் பருப்புக்கு ஒரு பை, உளுந்துக்கு ஒரு பை, வற்றலுக்கு ஒரு பை. வற்றல் பையில் வேறு எதையும் போட விடமாட்டார்கள். அந்தப் பைகளைப் பார்த்தே எந்த வீடு என்று கடைப் பையன்கள் சொல்லிவிடுவார்கள். ஒரு வீட்டுப் பை பள்ளிக்கூடக் காக்கி நிக்கர் துணியாக இருக்கும். இன்னொரு வீட்டுப் பைக்கு வாய்க்கயிறு சேலைக் கரையாக இருக்கும். பழைய பேண்ட் காலை வெட்டி, அடியில் மட்டும் ஒரு தையல் போட்டு, நீளமாகக் கொண்டு வருகிற வீடும் உண்டு. அதில் ஐந்து கிலோ அரிசி அசையாமல் நிற்கும்.

எங்கள் தாயாரும் அப்படித்தான். தையல் மெஷின் கிடையாது. மதியம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஊசியால் நூலோட்டித் தைப்பார்கள். தகப்பனாரின் வேட்டி கிழிந்தால் முதலில் ஒட்டுப் போடுவார்கள். ஒட்டுக்கும் அடங்காவிட்டால் நல்ல பாகத்தை வெட்டி இட்லித் தட்டுக்கும், ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டவும் எடுத்து வைப்பார்கள். வற்றல் வடகம் காயப் போட ஒரு பாகம். மிச்சத்தில் பருப்புப் பை. அதற்கும் ஆகாதது அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணி. கடைசியாக இற்றுப் போன நூலும் கார்த்திகைக்கு விளக்குத் திரியாகும். சேலை என்றால் அதற்கு வேறு பயணம்: பிள்ளைக்குத் தொட்டில், பிறகு நான்கு மடிப்பாகப் போட்டு நெருக்கமாக நூலோட்டிய விரிப்பு, பிறகு வாசல் மிதியடி. எங்கள் பாட்டியின் வெற்றிலைச் சுருக்குப் பை ரவிக்கைத் துண்டில் தைத்தது. அதை இழுத்துக் கட்டினால் அவர்களைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது.

(ரவிக்கைத் துண்டு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. இன்றும் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துண்டுகள் பத்து, பதினைந்து மடித்தபடியே கிடக்கின்றன. யாரும் தைப்பதில்லை, அடுத்த விசேஷத்தில் அடுத்த வீட்டுக்குப் போய், மூன்றாம் வருடம் நம் வீட்டுக்கே திரும்பி வருகின்றன. இவ்வளவு சுற்றியும் தேயாத சரக்கு நம் வியாபாரத்தில் எதுவும் இல்லை.)

எண்பதுகளின் கடைசியில் கேரி பேக் வந்தது. நமக்கும் வசதியாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டோம். பொட்டலம் மடிக்கத் தெரியாத பையனைக் கூட எடைக்கு நிறுத்த முடிந்தது. ஆனால் நாம் இலவசமாகக் கொடுக்கக் கொடுக்க, வீடுகளில் பை தைக்கும் பழக்கம் போயிற்று. வாடிக்கையாளர் கையை வீசிக்கொண்டு வருகிறார் என்று குறை சொல்கிறோமே, அப்படி வரப் பழக்கியவர்கள் நாம்தான்.

தடை வந்த 2019-ஆம் ஆண்டு தை மாதம் எங்கள் கடைக்கு 300 துணிப்பைகள் தேவைப்பட்டன. எங்கள் கிட்டங்கிக்குப் பின் தெருவில் ஒரு பெண்மணி வீட்டில் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவர். காடாத் துணியை நாங்களே வாங்கிக் கொடுத்து, தையல் கூலி பேசி ஒப்படைத்தோம். பத்தே நாளில் 300 பையையும் மூட்டை கட்டிக் கொண்டு வந்து இறக்கினார். கணக்குப்பிள்ளை வழக்கப்படி பேரேட்டில் ஒரு பக்கம் திறந்து வரவு வைத்து, மில்காரர்களுக்குக் கொடுப்பது போல முப்பது நாள் தவணை போட்டுவிட்டார். முப்பது நாள் நாற்பத்திரண்டு நாள் ஆயிற்று. கொடுக்கும்போது, கைப்பிடி கோணலாக இருந்த 17 பைகளுக்குக் கூலியைக் கழித்துக் கொண்டோம். நாங்கள் தப்பு என்று நினைக்கவே இல்லை. வியாபாரத்தில் இதெல்லாம் வழக்கம்தானே!

அடுத்த தடவை ஆள் அனுப்பினால் அந்த அம்மா வரவில்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, கோபம் ஒன்றும் இல்லாமல் சாதாரணமாகத்தான் சொன்னார்: "அண்ணாச்சி, நூல்கண்டுக் கடையில எனக்கு யாரும் முப்பது நாள் தவணை தர்றதில்ல. கரண்டு பில்லுக்கும் இல்ல. ரவிக்கை தச்சா சாயங்காலமே காசு வந்துருது. உங்க பைய எதுக்குத் தைக்கணும்?"

பதில் சொல்ல முடியாமல் திரும்பினோம். வீட்டில் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரம்மா இன்னொன்றையும் எடுத்துப் போட்டார்: "கிட்டங்கியில சாக்கு தைக்கிற பொம்பளைகளுக்கு விளக்கு வைக்குமுன்னே கூலி கொடுத்து அனுப்புவீகளே. இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் தவணை?"

உண்மைதான். கோணி ஊசியும் சணலும் வைத்துக் கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போடும் பெண்களுக்கு அன்றாடக் கூலி கொடுக்காமல் எந்த மொத்த வியாபாரியும் கிட்டங்கியைப் பூட்டியது கிடையாது. அவர்கள் நம் கண் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள், ஆகவே கூலியாட்கள். வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவர் கண்ணில் படுவதில்லை. மூட்டையாகப் பை மட்டும் வருகிறது. ஆகவே அவர் நம் பேரேட்டில் ஒரு கம்பெனி ஆகிவிடுகிறார். கம்பெனிக்குரிய தவணையை அவர் தலையில் கட்டுகிறோம். கம்பெனிக்குரிய மரியாதையைத்தான் கொடுப்பதில்லை. தவணை தாண்டினால் மில்காரர் போனில் நம்மை ஒரு வழி பண்ணிவிடுவார். இந்த அம்மா இரண்டு முறை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனதாகக் கடைப் பையன் பிறகுதான் சொன்னான்.

நம் ஊர்களில் துணிப்பை முயற்சி தொடங்கித் தொடங்கி நின்று போவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது நம் அபிப்பிராயம். பெண்களுக்குத் தைக்கத் தெரியும், மெஷின் இருக்கிறது, துணி இருக்கிறது. பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகளில் காடாவுக்குக் குறைவில்லை. அரசும் 23-12-2021 அன்று "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கி, 2022-இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை விழும் இயந்திரம் வைத்தது. அதெல்லாம் நல்லதே. ஆனால் பை தைத்தவருக்கு நாற்பத்திரண்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் கடைக்காரரை எந்த இயக்கத்தாலும் திருத்த முடியாது.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மா கைவிட்ட பிறகு, குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று பார்ப்பதற்குத் துணி போலவே இருந்த பைகளை ஆயிரம் வாங்கினோம். வாங்கிய பிறகுதான் அது துணியே அல்ல, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் இழையைச் சூட்டில் அழுத்திச் செய்த தாள் என்றும், தமிழகத் தடைப் பட்டியலில் அதுவும் உண்டு என்றும் தெரிந்தது. உங்களுக்கும் யாராவது மாதிரி கொண்டு வந்து காட்டினால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். பாவும் ஊடையும் இருந்தால் நூல் வரும், அதில் வராது. சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டைக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். அது உருகி மணியாக உருளும். அந்த ஆயிரம் பையின் பணம் போனது போனதுதான்.

இப்போது எங்கள் கடையில் நடப்பதைச் சொல்கிறோம். பின் தெரு அம்மாவும் அவர் சேர்த்துக் கொண்டு வந்த மூன்று பேரும் தைக்கிறார்கள். பை வந்து இறங்கியதும் எண்ணி, கல்லாவிலிருந்து ரொக்கம். பேரேட்டில் ஏற்றுவதே இல்லை. கைப்பிடி கோணலாக இருந்தால் திருப்பிக் கொடுத்துச் சரி செய்யச் சொல்கிறோம், கழிப்பதில்லை. நூலுக்கு முன்பணமும் உண்டு.

அளவை அந்த அம்மாவே கணக்குப் போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடக் கணக்குப் படித்த நமக்கு இது தோன்றவில்லை. 36 அங்குல அகலக் காடாவில் 1 மீட்டர் என்றால் நீளம் 39 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். அதில் பதினைந்தரை அங்குலம் வீதம் இரண்டு பட்டை வெட்டினால் 31 அங்குலம் போகும். ஒவ்வொரு பட்டையும் ஒரு பை. நடுவில் மடிப்பதால் அடியில் தையலே கிடையாது. அடி பிரிந்து பருப்பு கொட்டியது என்ற பேச்சுக்கு இடமில்லை. துணியின் கரை இரண்டும் பையின் வாய்ப்பக்கம் வருவதால் அங்கே நூல் பிரியாது. மீதி 8 அங்குலத்தை நான்கு நான்காகக் கிழித்து, பாதியாக வெட்டினால் 18 அங்குலத்தில் நான்கு துண்டு. இரண்டு பைக்கும் கைப்பிடி ஆயிற்று. கைப்பிடித் துண்டை நான்காக மடித்து ஒரு அங்குலப் பட்டையாக்கி, பையின் வாயில் ஒட்டும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போடுகிறார்கள். அந்தப் பெருக்கல் குறிதான் பாரம் தாங்குகிறது. அது இல்லாமல் வந்த முதல் சரக்கில் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்து தெருவில் இறங்கிய சம்பவம் எங்களுக்கு உண்டு. ஆக 1 மீட்டருக்கு இரண்டு பை, விரல் அகலத் துணி கூட வீணில்லை. காடா கஞ்சி போட்ட துணி. ஒரு தடவை நனைத்தால் சுருங்கும். ஆகவே நனைத்துக் காய வைத்த பிறகே அளவு எடுக்க வேண்டும். பூச்சி கஞ்சியைத் தேடி வரும் என்பதாலும் நனைப்பது நல்லது.

பையை இலவசமாகக் கொடுக்க நமக்குக் கட்டாது. நூறு ரூபாய்ச் சரக்கில் நமக்கு நிற்பது என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அடக்க விலையை வாங்கிக் கொள்கிறோம். கிழியாமல் துவைத்துத் திருப்பிக் கொடுத்தால் காசைத் திருப்பிக் கொடுக்கிறோம். பெரிய பெரிய கடைகளில் தங்கள் விளம்பரத்தை அச்சடித்த பைக்கு வாடிக்கையாளரிடமே காசு வாங்கி, அவரையே சுமக்க வைக்கிறார்கள். அவர் திருப்பிக் கொண்டு போனால் வாங்குவதில்லை. நாம் வாங்குகிறோம். திரும்பி வருகிற பைகள் எதிர்பார்த்ததை விடக் குறைவுதான். வீடுகளில் வைத்துக் கொள்கிறார்கள்; ஆனால் அடுத்த மாதம் அதே பையுடன் வருகிறார்கள், நமக்கு அது போதும். கிழிந்து வருவதைத் தராசு துடைக்கப் போடுகிறோம்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. வருடா வருடம் தைக்குத் தினசரிக் காலண்டர் அடித்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம். ஒரே வீட்டில் ஆணி ஒன்று, காலண்டர் ஆறு. எங்களுடையது மாட்டப்பட்டதா, பரண் மேல் போனதா என்று நமக்கே தெரியாது. அந்தச் செலவில் பாதியையாவது துணிப்பைக்கு மாற்றி, அந்தந்தப் பகுதியில் தைக்கும் பெண்களிடமே கொடுத்துத் தைக்கலாம். ஜவுளிக்கடை மஞ்சள் பைகள் பத்து வருடம் பஸ்ஸிலும் சந்தையிலும் கடைப் பெயரைச் சுமந்து திரிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். நூறு பேர் சேர்ந்தால் காடாவைத் தறிக்காரரிடமே நேரடியாகக் கொள்முதல் செய்யலாம். ஆனால் தையல் கூலிக்கு மட்டும் தவணை கேட்பதில்லை என்று சங்கத்தில் முதலில் தீர்மானம் எழுதிவிட்டு, அதன் பிறகு மற்றதைப் பேச வேண்டும்.

அளவு வெட்டிய அட்டை மாதிரி ஒன்று எங்கள் கிட்டங்கிச் சுவரில் தொங்குகிறது. வேண்டுகிறவர்கள் வந்து தாளில் வரைந்து கொண்டு போகலாம். கணக்குப்பிள்ளை எடுத்துக் கொடுப்பார். காலை பத்து மணி வரை லாரி இறக்கும் நேரம், அதற்குப் பிறகு வந்தால் நல்லது.