ஊருக்குப் போனா அது டூரிஸமா?

மகள் படிக்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு டூரிஸம் ஒரு விருப்பப் பாடம். போன வாரம் புத்தகமும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நாம கும்பகோணம் போறோமே, நாம டொமஸ்டிக் டூரிஸ்டாம்."

"யாரு சொன்னது?"

"புக்ல இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே இருக்கிறது. ஒருவர் தன் வழக்கமான சூழலை விட்டு வேறிடத்துக்கு, ஓராண்டுக்குக் குறைவான காலத்துக்குப் போனால் அவர் வருகையாளர். ஒரு ராத்திரியாவது தங்கினால் டூரிஸ்ட், அன்றே திரும்பினால் எக்ஸ்கர்ஷனிஸ்ட். போன காரணம் ஓய்வாக இருக்கலாம், வியாபாரம், கோயில், வைத்தியம், உறவினர் வீடு என்று எதுவாகவும் இருக்கலாம். போன இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். இது ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு வைத்திருக்கும் வரையறை. உலகம் முழுக்கக் கணக்கெடுப்புக்கு இதுதான் அடிப்படை.

22 வருடத்துக்கு முன்னால் ஒரு சூட்கேஸோடு வேலைக்காக டெல்லியில் வந்து இறங்கினேனே, அன்று நான் டூரிஸ்ட் இல்லை. இப்போது அம்மாவைப் பார்க்கக் கும்பகோணம் போனால் டூரிஸ்ட். என் 'வழக்கமான சூழல்' துவாரகாவில் இருக்கும் மூன்றாவது மாடி ஃபிளாட் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். தப்பென்று சொல்லவும் முடியவில்லை. எரிச்சலே அதில்தான்.

புள்ளிவிவரக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ரயிலில் ஏறுகிறவன் தாஜ்மகால் பார்க்கப் போனாலும் தாத்தாவைப் பார்க்கப் போனாலும் ஒரு பெர்த்தை அடைத்துக்கொள்கிறான், வழியில் இட்லி வாங்குகிறான், ஆட்டோ பிடிக்கிறான். தேவையை அளக்க எல்லோரையும் எண்ணித்தான் ஆகவேண்டும். எண்ணட்டும். எண்ணிவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்தத் தொழிலே உல்லாசத்தில் ஆரம்பித்ததில்லை. 1841 ஜூலையில் தாமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு சிறப்பு ரயில் ஏற்பாடு செய்தார். தலைக்கு ஒரு ஷில்லிங், சுமார் 500 பேர். எதற்குப் போனார்கள் தெரியுமா? மதுவிலக்குக் கூட்டத்துக்கு! (கோவாவுக்கு கேங்காகக் கிளம்பும் நம் பையன்களுக்கு யாராவது இதைச் சொல்லுங்கள்.) அப்புறம் சம்பளத்தோடு விடுமுறை வந்தது. பிரான்சில் 1936இல் இரண்டு வாரம் சட்டமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1958இல் போயிங் 707 அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்ததும் தொழில் நிஜமாகவே பறந்தது. 1950இல் எல்லை தாண்டிப் போனவர்கள் சுமார் 2.5 கோடி, 2019இல் 146 கோடி. கோவிட் வந்த 2020இல் அது 40 கோடி அளவுக்கு விழுந்து, 2024இல் மறுபடி 140 கோடியைத் தொட்டது. அந்தக் குக் ஆரம்பித்த பிரிட்டிஷ் கம்பெனி 2019 செப்டம்பரில் திவாலானது தனிக்கதை.

இதில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் 2019இல் 1.09 கோடி. அதே ஆண்டு தாய்லாந்துக்கு ஏறக்குறைய 4 கோடி. நம் அதிகாரிகளுக்கு இந்த ஒப்பீடு உறுத்துகிறது, புரிகிறது. வெளிநாட்டவர் வந்தால் அந்நியச் செலாவணி. பொருளாதாரக் கணக்கில் அது ஏற்றுமதி மாதிரி. 2002இல் 'இன்கிரெடிபிள் இந்தியா' என்று ஆரம்பித்துச் செய்த விளம்பரமெல்லாம் அந்த ஒரு கோடி பேரை முன்னிறுத்தித்தான்.

உள்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2014இல் தமிழ்நாட்டில் 32 கோடிக்கு மேல் உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள், இந்தியாவிலேயே முதலிடம். மாநிலத்தின் ஜனத்தொகையே 2011 கணக்குப்படி 7.2 கோடிதான். அந்த 32 கோடி ஆட்களின் எண்ணிக்கை இல்லை, வருகைகளின் எண்ணிக்கை. ஒரே குடும்பம் சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை மூன்றிலும் ரூம் போட்டால் மூன்று தடவை எண்ணப்படும். அதே குடும்பம் சித்தி வீட்டில் பாய் விரித்துப் படுத்தால் எந்த லாட்ஜ் பதிவேட்டிலும் வராது. ஆனால் வீடு வீடாகப் போய் எடுக்கும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைக் கேட்டால் வேறு கதை. இந்தியர்கள் ராத்திரி தங்கிப் போகும் பயணங்களில் மிகப் பெரும்பாலானவை கல்யாணம், சாவு, பண்டிகை, உறவினரைப் பார்ப்பது என்ற வகைதான்.

ஆக, இந்தியச் சுற்றுலா என்பது பெரும்பாலும் பை நிறைய முறுக்கோடு ஊருக்குப் போகிற நாம்தான். நம் காசு எங்கே போகிறது என்றும் பாருங்கள். பாடப் புத்தகத்தில் 'கசிவு' என்று ஒரு சொல் வருகிறது. பயணி செலவழித்த காசு உள்ளூரில் தங்காமல் வெளிநாட்டு விமான நிறுவனத்துக்கும் சங்கிலி ஹோட்டலுக்கும் இறக்குமதிச் சரக்குக்கும் ஒழுகிப்போவது. நம் காசு பூக்காரம்மா, ஆட்டோக்காரர், பாத்திரக்கடை என்று தெருவிலேயே சுற்றுகிறது. அதற்கு மரியாதை உண்டா?

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு இருக்கும் 365 நாள் வரம்பில் மட்டும் கைவைக்கவில்லை. பட்டாயாவா கோவாவா என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு ஒரு வருடம். ஒவ்வொரு பொங்கலுக்கும் போயே தீரவேண்டியவனுக்கு இரண்டு மாதம். தாஜ்மகாலில் வெளிநாட்டவர் 1100 ரூபாய் கொடுக்கிறார், நாம் 50 கொடுக்கிறோமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் நான் தாஜ்மகாலைக் கேட்கவில்லை சாமி, ஒரு ஸ்லீப்பர் பெர்த் கேட்கிறேன்.

இதற்கு ரயில்வே சொன்ன காரணம், 61 நாளிலிருந்து 120 நாள் முன்னால் எடுக்கிற டிக்கெட்டில் சுமார் 21 சதவீதம் ரத்தாகிறதாம். ஆகும்தான். நான்கு மாதம் முன்னால் எந்த மேனேஜர் லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறார்? ரத்துக் கட்டணத்தை நம் தலையில் கட்டிக்கொண்டுதானே ரத்து செய்கிறோம்? பாக்கி முக்கால்வாசிப் பேர் போய்த்தானே வந்தார்கள்? மொத்தமாகப் பிடித்துவைக்கும் ஏஜெண்டுகளைத் தடுக்க வேறு வழியே இல்லையா?

வேடிக்கை என்னவென்றால், அரசாங்கத்துக்கே இந்த வித்தியாசம் தெரியும். மத்திய அரசு ஊழியர்களின் எல்.டி.சி.யில் 'ஹோம் டவுன்' வேறு, 'எனிவேர் இன் இந்தியா' வேறு. தன் ஊழியனுக்குப் பயணப்படி கொடுக்கும்போது ஊர் ஊராகத் தெரிகிறது. கூட்டிப் பெருக்கிக் காட்டும்போது அதே ஊர் டெஸ்டினேஷனாகிவிடுகிறது.

நம் பக்கக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். போகிற இடத்தில் நாமும் டூரிஸ்டாகத்தான் நடந்துகொள்கிறோம். மே மாதம் வந்தால் அத்தனை பேருக்கும் ஊட்டி, கொடைக்கானல். 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடைக்கு ஊட்டிக்குள் வார நாளில் 6000 வண்டி, வாரக் கடைசியில் 8000 என்று உச்சவரம்பே போட்டது. புத்தகத்தில் 'தாங்குதிறன்' என்று ஒரு பாராவில் முடித்துவிட்ட விஷயம் இதுதான். வெனிஸ்காரர்கள் 2024 ஏப்ரலில் பகல் பயணிகளுக்கு 5 யூரோ கட்டணம் வைத்ததும் இதனால்தான். அங்கே வாசலில் இறங்கியவரை நிறுத்திக் காசு கேட்கிறார்கள், இங்கே பாஸ் கேட்கிறார்கள். "நாங்க தமிழ்நாட்டுக்காரங்கதான், எங்களுக்கு எதுக்குப் பாஸ்?" என்று நம் சொந்தக்காரர் ஒருத்தராவது சண்டை போட்டிருப்பார்.

இன்னொரு பக்கம், டெல்லியில் வீடு வைத்திருக்கிற தமிழன் எல்லோரும் இலவச லாட்ஜ் நடத்துகிறவர்கள்தான். ஆக்ரா, ஹரித்வார், வைஷ்ணோதேவி என்று வருகிற சொந்தங்களுக்கு நம் ஹால்தான் பேஸ் கேம்ப். அவர்கள் ஏறிய டாக்ஸி கணக்கில் வரும், வாங்கிய ஸ்வெட்டர் கணக்கில் வரும். விடிகாலை நாலரைக்கு எழுந்து புளியோதரை கட்டிக் கொடுத்த என் மனைவியின் உழைப்பு எந்தச் சுற்றுலா வருமானத்திலும் வராது. இதை அவளிடம் சொன்னேன். "கணக்கு இருக்கட்டும், அடுத்த பேட்ச் எப்ப வருது, அதைச் சொல்லுங்க" என்றாள்.

மகளுக்குப் பரீட்சையில் 'டூரிஸ்ட் என்பவர் யார்?' என்று இரண்டு மார்க் கேள்வி வருமாம். புத்தகத்தில் உள்ளபடியே எழுது என்று சொல்லிவிட்டேன். மார்க்கில் போய் வீறாப்பு எதற்கு? அம்மா போனில் விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்ப நீ இங்க வந்தா விருந்தாளியாடா?"

ஜனவரி 11 வண்டிக்கு நவம்பர் 12 காலை 8 மணிக்குத் திறக்கிறது. ஆபீஸுக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லியாயிற்று. என் லேப்டாப், மனைவி போன், மகளின் டேப், மூன்றும் ராத்திரியே சார்ஜில் போட்டாகும்.